ஆஃபர் லெட்டருக்கும் பெர்மிட்டுக்கும் நடுவே

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால், கையில் வந்திருப்பது எந்தக் காகிதம் என்று முதலில் கேட்க வேண்டும். ஆஃபர் லெட்டரா, விசாவா, வொர்க் பெர்மிட்டா? ஆஃபர் லெட்டர் என்பது கம்பெனி கொடுக்கும் வாக்கு. விசா இருந்தால் அந்த நாட்டின் வாசல் வரை போய் நிற்கலாம். உள்ளே போய் சம்பளத்துக்கு வேலை பார்க்க அரசு தரும் அனுமதிதான் வொர்க் பெர்மிட். இந்த மூன்றில் எது எப்போது வருகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

கனடாவில் பாஸ்போர்ட்டில் ஒட்டுவது விசா மட்டுமே. கூடவே ஒரு அறிமுகக் கடிதம் வரும். பெர்மிட்டை விமான நிலையத்தில் எல்லை அதிகாரிதான் அச்சிட்டுத் தருவார். சிங்கப்பூரில் மனிதவள அமைச்சு முதலில் ஐபிஏ என்ற கொள்கையளவு அனுமதிக் கடிதம் தரும். அதை வைத்துக்கொண்டு நாட்டுக்குள் நுழையலாம், ஆனால் பாஸ் என்ற வேலை அனுமதி வழங்கப்பட்ட பிறகுதான் வேலையில் உட்காரலாம். ஜப்பானில் தகுதிச் சான்றிதழ், அதைக் காட்டி விசா, பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் வசிப்பு அட்டை என்று வரிசை போகிறது. ஜெர்மனியின் தேசிய விசா வேறு ரகம்: அதிலேயே குறிப்பிட்ட முதலாளியிடம் வேலை பார்க்கும் அனுமதி இருக்கும். அது முடிவதற்குள் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அட்டைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அமீரகத்தில் நுழைவு அனுமதியில் உள்ளே போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, வசிப்பு விசா மூன்றையும் முடிக்க வேண்டும்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால், யார் மாற்றித் தருவார், எந்தச் சட்டப்படி, அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சில நாடுகளில் உள்ளே இருந்தே மாற்ற வழி உண்டுதான். ஆனால் மாறும்வரை ஒரு நாள் வேலை பார்த்தாலும் அது சட்டவிரோத வேலை. அமீரகத்தில் பெர்மிட் இல்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 2024 திருத்தத்துக்குப் பிறகு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். மாட்டிய தொழிலாளிக்குக் கிடைப்பது விமான டிக்கெட்டும் நுழைவுத் தடையும்.

உங்களைப் பற்றியே இல்லாத பாதி

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் உடனே தன் டிகிரியையும் அனுபவத்தையும்தான் ஆள் சந்தேகப்படுகிறார். பல நேரங்களில் காரணம் கம்பெனியின் பக்கம் கிடக்கும். பெர்மிட் விண்ணப்பம் என்பது ஆளையும் முதலாளியையும் பதவியையும் சேர்த்து எடைபோடுகிற வேலை.

சிங்கப்பூரில் நிபுணர், மேலாளர் வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 1 முதல் காம்பஸ் என்ற புள்ளி முறை நடக்கிறது. 40 புள்ளி வேண்டும். அடிப்படை அளவுகோல் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. சம்பளமும் படிப்பும் உங்களுடையவை. மற்ற இரண்டும் கம்பெனியுடையவை: உங்கள் நாட்டைச் சேர்ந்தவர்கள் அங்கே ஏற்கெனவே எத்தனை சதவீதம், உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் கம்பெனி எவ்வளவு வேலை கொடுத்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 10. அந்தத் துறைச் சம்பள வரிசையில் 65ஆம் சதமானத்துக்கு (நூறு பேரில் 65 பேர் வாங்குவதைவிட அதிகம்) மேலும் 90க்குக் கீழும் இருந்தால் 10. உள்ளூர் வேலைவாய்ப்புக்கு 10 என்று வையுங்கள். ஆனால் கம்பெனியின் நிர்வாக, தொழில்நுட்பப் பணியாளர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் உங்கள் நாட்டவர் என்றால் அந்தக் கட்டத்தில் 0. மொத்தம் 30, பாஸ் கிடையாது. அதே ஆள், அதே சம்பளம், அத்தகைய பணியாளர்கள் 25 பேருக்கும் குறைவாக உள்ள சின்ன கம்பெனியில் சேர்ந்தால் கம்பெனி சார்ந்த இரண்டு கட்டத்துக்கும் தானாகவே தலா 10 விழும். மொத்தம் 40, பாஸ் உண்டு. பெரிய பெயருள்ள கம்பெனியில்தான் பாஸ் சுலபம் என்கிற நம்பிக்கையை இந்தக் கணக்கு உடைத்துவிடுகிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. படிப்புக்கான புள்ளி இல்லாமலேயே 40 தேறுகிறது என்றால் பட்டத்தை விண்ணப்பத்தில் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. காட்டினால் அதை மூன்றாம் தரப்பு சரிபார்த்த சான்று வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். மாதச் சம்பளம் 22,500 வெள்ளியோ (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலோ என்றால் காம்பஸே கிடையாது, ஆனால் அந்த நிலையில் இருப்பவர் இதை எதற்குப் படிக்கப் போகிறார்!

நடுத்தரத் திறன் வேலைகளுக்கான எஸ் பாஸுக்கு வந்தால் கோட்டா. சேவைத் துறையில் மொத்த ஆட்களில் 10 சதவீதம், கட்டுமானம், உற்பத்தி போன்றவற்றில் 15 சதவீதம்தான் எஸ் பாஸ்காரர்கள் இருக்கலாம். நேர்காணல் நடந்த மாதத்தில் இடம் இருந்திருக்கும், விண்ணப்பம் போடும் மாதத்தில் இரண்டு உள்ளூர் ஊழியர்கள் விலகியிருப்பார்கள், கோட்டா சுருங்கிவிடும். அதனால் ஆஃபரில் கையெழுத்துப் போடும்முன் கோட்டாவில் இன்றைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

பிரிட்டனில் இதே கேள்விக்கு வடிவம் வேறு. வெளிநாட்டு ஆளை எடுக்க அரசு தரும் ஸ்பான்சர் லைசென்ஸ் கம்பெனிக்கு இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை உள்துறை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. அதில் கம்பெனியின் பதிவுப் பெயரைத் தேடுங்கள், விளம்பரப் பெயரை அல்ல. பெயர் இருந்தால் மட்டும் போதாது, தரம் ஏ என்று இருக்க வேண்டும். பி தரத்துக்கு இறக்கப்பட்ட கம்பெனி புதிதாக எடுக்கும் ஆளுக்கு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் தர முடியாது. கனடாவில் பெரும்பாலான வேலைகளுக்கு எல்எம்ஐஏ என்கிற தொழிலாளர் சந்தை மதிப்பீடு சாதகமாக வந்திருக்க வேண்டும். அது விதிவிலக்கான வகை என்றால், முதலாளி அரசுத் தளத்தில் வேலை வாய்ப்பைப் பதிந்து 230 டாலர் கட்டியதற்கு ஓர் எண் வரும். எல்எம்ஐஏ கடிதமும் இல்லை, அந்த எண்ணும் இல்லை என்றால் விண்ணப்பிக்க எதுவுமே இல்லை என்று அர்த்தம்.

சம்பளம் என்ற ஒற்றை எண்

குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று செய்திகளில் வரும் எண் கிட்டத்தட்ட எப்போதும் அரைகுறைத் தகவல். எதைச் சம்பளமாக எண்ணுவார்கள் என்பதுதான் முக்கியம்.

பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாப் பாதைக்கு 2025 ஜூலை 22 முதல் பொதுவான அளவு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அல்லது அந்தத் தொழிலுக்கு என்று நிர்ணயித்த விகிதம். இரண்டில் எது கூடுதலோ அதைத் தொட வேண்டும். உறுதியான அடிப்படைச் சம்பளம்தான் கணக்கில் வரும். வீட்டுப்படி, ஓவர்டைம், போனஸ் எதுவும் சேராது. தொழில் விகிதம் வாரத்துக்கு 37.5 மணி நேரத்துக்குப் போட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விகிதம் 45,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒப்பந்தம் வாரம் 40 மணி என்றால் தேவைப்படுவது 48,000. ஒப்பந்தத்தில் 46,000 போட்டு, அளவைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்திருப்பவர் இங்கேதான் மாட்டுகிறார்.

சிங்கப்பூர் கொஞ்சம் தாராளம்: மாதாமாதம் மாறாமல் தரும் படிகளையும் நிலையான சம்பளத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஓவர்டைமும் போனஸும் வெளியேதான். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரியிலிருந்து 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. ஆனால் இது 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏற இந்த எண்ணும் ஏறி, 45 வயதில் 10,700க்குப் போய் நிற்கும். நாற்பதைத் தாண்டியவர் 5,600ஐப் பார்த்து விண்ணப்பித்தால் பதில் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியில் பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டின் சம்பள அளவு ஆண்டுதோறும் ஜனவரியில் மாறும். 2025இல் 48,300 யூரோ, 2026இல் 50,700. ஐடி, பொறியியல், மருத்துவம் போன்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கும், பட்டம் வாங்கி 3 ஆண்டு ஆகாதவர்களுக்கும் 2026இல் 45,934.20. நவம்பரில் ஒப்பந்தம் போட்டு, தூதரக நேரம் பிப்ரவரியில் கிடைத்தால் பழைய எண்ணை நம்பிப் போட்ட சம்பளம் 2,400 யூரோவில் விழுந்துவிடக்கூடும். ஆண்டிறுதியில் பேரம் பேசுகிறவர்கள் அடுத்த ஆண்டு அளவை மனதில் வைத்தே பேச வேண்டும்.

சம்பளத்துக்குப் பக்கத்திலேயே அரசின் தொழில் பட்டியலில் உள்ள பதவிக் குறியீடு நிற்கிறது. கனடாவில் என்ஓசி, பிரிட்டனில் எஸ்ஓசி. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருக்கலாம். செய்யும் வேலை கணக்குப் பதிவு என்றால் குறியீடும் கணக்குப் பதிவுக்குரியதாகத்தான் இருக்க வேண்டும். அதிகாரி பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, கடமைகளின் பட்டியலை. பழைய முதலாளி தரும் அனுபவக் கடிதத்தில் லெட்டர்ஹெட், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், செய்த வேலைகள், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். வேலைகளை எழுதும்போது அரசுத் தளத்தில் அந்தக் குறியீட்டின் கீழ் உள்ள வாசகத்தை அப்படியே ஒட்டிவிடுவது பெரிய அசட்டுத்தனம். அதிகாரிக்கு அந்த வாசகம் மனப்பாடம்.

பெயரும் எழுத்தும்

ஆவணங்களில் அதிகம் சறுக்குவது பெயரில்தான். குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாமல் ஒற்றைப் பெயரோடு, முன்னால் ஒரு தலைப்பெழுத்தோடு வாழ்பவர்களுக்கு இது ஆயுள் தண்டனை மாதிரி. பட்டச் சான்றிதழில் எழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தின் முழு விரிவு, அனுபவக் கடிதத்தில் பெயரின் பின்னால் எழுத்து. மூன்றும் ஒரே ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். கணினிக்கு அது மூன்று பேர்.

விதி ஒன்றுதான்: பாஸ்போர்ட்டின் கீழே இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் எப்படி இருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர். விண்ணப்பம், ஆஃபர் லெட்டர், மெடிக்கல் பதிவு, டிக்கெட் எல்லாம் அதன்படி. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் என்றால் கனடா அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாக விடச் சொல்கிறது. அமெரிக்கா முதல் பெயர்க் கட்டத்தில் பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்தை நிரப்பிவிடும். அது பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கி, சம்பளச் சீட்டு என்று எல்லாவற்றிலும் தொற்றிக்கொள்ளும். அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா, வருகை விசா தருவதை நிறுத்தியது. பின்னால் பார்க்க வரும் குடும்பத்தையும் யோசித்தால், வேலை தேடத் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துக்கொள்வது உத்தமம். வேலை நடுவில் மாற்றினால் பெர்மிட், வங்கி, வரி எண் எல்லாவற்றையும் திரும்ப மாற்ற வேண்டும்.

பழைய சான்றிதழ்களை மாற்ற முடியாது என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து ஒவ்வொரு முறையும் சேர்த்து அனுப்புங்கள். கேட்டபிறகு அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு கேள்விக்கே வாரங்கள் போய்விடும்.

முத்திரைகள்

சான்றிதழ் உண்மையானது என்று காட்ட வாங்கும் அப்போஸ்டில், அட்டஸ்டேஷன் இரண்டும் ஒன்றே என்று நினைப்பவர்கள் அதிகம். 1961 ஹேக் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் இருந்தால் பொதுவாக அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரையோடு வேலை முடிந்தது. சிங்கப்பூருக்கு 2021 செப்டம்பரிலும், சவூதிக்கு 2022 டிசம்பரிலும், சீனாவுக்கு 2023 நவம்பரிலும், கனடாவுக்கு 2024 ஜனவரியிலும் அது நடைமுறைக்கு வந்தது. அமீரகம் அதில் இல்லை. அதனால் பட்டம் வழங்கிய நாட்டின் வெளியுறவுத் துறை, அங்குள்ள அமீரகத் தூதரகம், பிறகு அமீரகத்தின் வெளியுறவு அமைச்சு என்று அட்டஸ்டேஷன் சங்கிலியாக நடக்க வேண்டும். ஒரு கண்ணி விடுபட்டாலும் முதலில் இருந்து.

அசல் சான்றிதழை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி: பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை விழாது. பிரித்தெடுக்கப் போனால் மை சேர்ந்து உரியும். பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழ் கேட்டு வாங்குவதற்கு மாதங்கள் ஆகலாம். வேலை தேடத் தொடங்கும் நாளிலேயே இதைப் பார்த்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பு தேவைப்படும் நாடு என்றால் முத்திரை முதலில், மொழிபெயர்ப்பு பிறகு. அப்போதுதான் முத்திரையில் உள்ள வாசகமும் மொழிபெயர்ப்பில் வரும்.

முத்திரை விழுந்தால் பட்டம் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது என்பதும் தப்புக் கணக்கு. கையெழுத்தும் சீலும் உண்மையானவை என்பதைத்தான் முத்திரை சொல்கிறது. படிப்பு அந்த நாட்டுப் படிப்புக்கு ஈடா என்பது தனிக் கேள்வி. ஜெர்மனிக்கு அனாபின் என்ற தரவுத்தளத்தில் இரண்டைத் தேட வேண்டும்: கல்வி நிறுவனம் எச் பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்கிறதா, உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணை என்று குறிக்கப்பட்டிருக்கிறதா. இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மட்டும் இருந்து பட்டம் இல்லாவிட்டால், இசட்ஏபி என்ற மைய அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், கட்டணம் 208 யூரோ. நர்ஸ், டாக்டர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு இதுவும் போதாது. அந்தத் தொழிலின் அங்கீகாரத்தை மாநில அதிகாரியிடம் தனியாகப் பெற வேண்டும். குறை இருந்தால் எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் குறைகிறது என்று எழுதித் தருவார்கள். தகவமைப்புப் பயிற்சியோ தேர்வோ முடித்த பிறகுதான் முழு உரிமம். இந்தப் பாதையில் போகிறவர்கள் மொழி வகுப்பையும் அங்கீகார விண்ணப்பத்தையும் ஒரே நேரத்தில் தொடங்குவது நல்லது, ஒன்று முடிந்து ஒன்று என்றால் காலம் இரட்டிக்கும்.

தேதிகளின் கணக்கு

காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தும் கெட்டுப்போகிற விண்ணப்பங்கள் உண்டு. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு காலாவதி இருக்கிறது, அவை ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும். பிரிட்டனின் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வழங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டும், வேலை தொடங்கும் தேதிக்கு 3 மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவும் முடியாது. காசநோய்ச் சோதனைச் சான்று கேட்கப்படும் நாட்டவர்களுக்கு அது 6 மாதம் செல்லும். வங்கியில் 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும், அந்த 28ஆம் நாள் விண்ணப்ப நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். 27ஆம் நாள் யாருக்கோ கைமாற்றாக 50 பவுண்டு அனுப்பி இருப்பு 1,240 ஆனால் எண்ணிக்கை முதலிலிருந்து. முதலாளி ஏ தர ஸ்பான்சராக இருந்து, முதல் மாதச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சான்றிதழில் குறித்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஒரு டிக் போடும் வேலை, கேட்டால் செய்வார்கள்.

ஜப்பானின் தகுதிச் சான்றிதழுக்கு 3 மாதம்தான் ஆயுள், அதற்குள் விசா எடுத்து இறங்கியும் இருக்க வேண்டும். கனடா மெடிக்கல் 12 மாதம். கைரேகை 10 ஆண்டு. இவற்றையெல்லாம்விடத் தந்திரமான தேதி பாஸ்போர்ட்டின் முடிவுநாள். கனடாவில் பெர்மிட் பாஸ்போர்ட் முடிவுநாளைத் தாண்டாது. இரண்டு ஆண்டு வேலைக்கு அனுமதி வந்திருக்கும், பாஸ்போர்ட்டில் 14 மாதம்தான் மிச்சம் என்றால் பெர்மிட்டும் 14 மாதம்தான். அமெரிக்காவிலும் நுழைவில் பதியும் ஐ-94 தேதி இதனால் குறுகக்கூடும். விசா ஸ்டாம்பில் 2028 என்று இருந்தாலும் தங்க அனுமதித்த நாள் ஐ-94இல் உள்ளதுதான். பாஸ்போர்ட்டில் மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள், நடுவில் எண் மாறினால் எல்லா இடத்திலும் திருத்த வேண்டும்.

மெடிக்கலுக்கு உங்கள் குடும்ப டாக்டர் செல்லாது. அந்த நாடு அங்கீகரித்த மருத்துவர்களில் ஒருவரிடம்தான் போக வேண்டும். மார்பு எக்ஸ்ரேயில் பழைய காசநோய் ஆறிய தழும்பு இருந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். கிருமி வளர்க்கும் அந்தச் சோதனைக்கு மட்டும் 6 முதல் 8 வாரம் பிடிக்கும். முன்பு சிகிச்சை எடுத்திருந்தால் அந்தச் சீட்டுகள், பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். மறைப்பதால் தழும்பு மறையாது. அமீரகம் போன்ற இடங்களில் எக்ஸ்ரே உள்ளே போன பிறகுதான் என்பதால், சந்தேகம் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே சொந்தச் செலவில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்காரர்களுக்கும் இறங்கிய 2 வாரத்துக்குள் சோதனை உண்டு.

இருக்கும் வேலையை எப்போது ராஜினாமா செய்வது? அரசின் எழுத்து அனுமதி கையில் வந்த பிறகு. ஆஃபர் லெட்டர் வந்ததும் இல்லை, விண்ணப்பம் போட்டதும் இல்லை. நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால் அதை நேர்காணலிலேயே சொல்லி, சேரும் தேதியை அனுமதி வந்த நாளிலிருந்து இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

யார் காசு

இந்த விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது, நடைமுறைதான் அசிங்கம். தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையின் பொது விதி. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவதைத் தடுக்கிறது. கனடாவில் எல்எம்ஐஏ கட்டணம் 1,000 டாலர், அது முதலாளியுடையது, தொழிலாளியிடம் திருப்பி வாங்க முடியாது. எல்எம்ஐஏ விலைக்கு என்று யாராவது சொன்னால் அது மோசடி அல்லது குற்றம், இரண்டில் ஒன்று. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஆளுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு வொர்க் பெர்மிட்காரருக்கும் கட்டும் 5,000 வெள்ளிப் பிணைத்தொகையும் முதலாளியின் பொறுப்புதான். அங்குள்ள ஏஜென்ட் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதுவும் அதிகபட்சம் இரண்டு மாதம்.

நீங்களே கட்ட வேண்டியவையும் உண்டு, அவற்றைக் குறைத்து எடைபோடக்கூடாது. பிரிட்டனுக்கு வெளியிலிருந்து 3 ஆண்டுக்கு மேற்பட்ட விசாவுக்கு 2025 ஏப்ரலில் வைத்த கட்டணம் 1,519 பவுண்டு. அரசு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் மொத்தமாக முன்கூட்டியே. 5 ஆண்டு என்றால் 5,175. குடும்பத்தில் மூன்று பேர் என்றால் எண் எங்கே போகும் என்று பாருங்கள். முதலாளி எதைத் தருகிறார், இடையில் விலகினால் எதைத் திரும்பக் கேட்பார் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்க் கட்டணத்தையும், வெளிநாட்டு ஆளை எடுப்பதற்கு முதலாளி அரசுக்குக் கட்டும் திறன் கட்டணத்தையும் அவர்கள் உங்களிடம் வசூலிக்க முடியாது.

கடிதத்தில் ஒரு சம்பளம், போய் இறங்கியதும் வேறு ஒப்பந்தம் என்கிற பழைய வித்தைக்கு மருந்து, அரசின் பதிவில் உள்ள எண்ணைக் கிளம்பும் முன் பார்ப்பதுதான். சிங்கப்பூரின் ஐபிஏ கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் தனித்தனியாக அச்சாகியிருக்கும். தொழிலாளியின் தாய்மொழியிலும் ஒரு பிரதி தர வேண்டும். அதில் உள்ளது ஏஜென்ட் வாய்ச்சொல்லோடு பொருந்தாவிட்டால் விமானம் ஏறாதீர்கள். கடிதம் உண்மையா என்று மனிதவள அமைச்சின் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

பொய் வேண்டாம். முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் கேட்கும் இடத்தில் ஆம் என்று எழுதுங்கள். மறுப்பு ஒரு குறை, மறைத்தது குற்றம். கனடாவில் தவறான தகவலுக்கு 5 ஆண்டு தடை, பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் 10 ஆண்டு. விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. அனுப்பும் முன் பிடிஎஃப் கேட்டு வாங்கி ஒரு வரி விடாமல் படியுங்கள்.

கையில் வந்த பிறகு

கனடா விமான நிலையத்தில் பெர்மிட்டைத் தந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர் எழுத்துக்கூட்டு, முதலாளி பெயர், தொழில், இடம், முடிவுநாள். கவுண்டரை விட்டு நகரும் முன் சொன்னால் இரண்டு நிமிடத்தில் திருத்துவார்கள். வெளியே வந்துவிட்டால் அதுவே தனி விண்ணப்பம், மாதக்கணக்கு. அந்தத் தாளில் முதலாளி பெயர் அச்சாகியிருந்தால் அவரிடம் மட்டும்தான் வேலை. வார இறுதியில் நண்பரின் கடையில் உதவிக்கு நிற்பதும், வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸ் எடுப்பதும் அதே விதிக்குள் வரும். பிரிட்டனில் வாரம் 20 மணி வரை கூடுதல் வேலைக்கு வழி உண்டு, அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன.

வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம்? அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவுக்கு 60 நாள் அல்லது ஐ-94 முடிவு, எது முன்னோ அது. பிரிட்டனில் முதலாளி தகவல் சொன்ன பிறகு உள்துறை விசாவை வழக்கமாக 60 நாளாகச் சுருக்கும். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து ஒரு தடவைக்கு 180 நாள், மொத்த விசாக் காலத்தில் 365. ஜெர்மனியில் வேலை முன்கூட்டியே முடிந்தால் 2 வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நீங்களே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஜப்பானிலும் 14 நாளுக்குள் அறிவிப்பு, 3 மாதம் காரணமில்லாமல் சும்மா இருந்தால் வசிப்புத் தகுதியை ரத்து செய்யலாம். சிங்கப்பூரில் பாஸை ரத்து செய்ததும் பொதுவாக 30 நாள் வருகை அனுமதி கிடைக்கும், அதில் வேலை தேடலாம், செய்ய முடியாது.

புதுப்பிப்புக்கு முடிவுநாளுக்கு 4 மாதம் முன்பே முதலாளியை நச்சரிக்கத் தொடங்குங்கள். கனடாவில் முடிவுநாளுக்கு முன் விண்ணப்பித்திருந்தால், அரசின் பதில் வரும்வரை பழைய நிபந்தனைகளிலேயே வேலையைத் தொடரலாம், ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை போய்விடும். பிரிட்டனில் 2024 கடைசியோடு பிளாஸ்டிக் அட்டை போய் இ-விசா வந்துவிட்டது. அது உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டிய கணக்கு. விடுமுறையில் புதுப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் அந்தக் கணக்கில் புது எண்ணைச் சேர்க்காமல் திரும்பக் கிளம்பினால், விமான நிறுவனத்தின் கணினியில் அனுமதி இல்லாதவர் என்று வந்து கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் எடுக்கும் முன் எண்ணைச் சேர்த்து, உறுதிப்படுத்தும் மெயிலையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.